கல் பதித்தால் கடைத்தெரு பிழைக்குமா?

சென்னைப் பிராட்வேக்கு நோய் கண்டிருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மருந்து எது என்பதிலேதான் நமக்கும் பிறர்க்கும் வழக்கு. நடைபாதைக்குக் கருங்கல் பதித்து, இருமருங்கும் அலங்கார விளக்கு நட்டு, ஓரத்தில் கூடை பரப்பி அமர்ந்திருக்கும் ஏழைகளை அப்புறப்படுத்திவிட்டால் போன வணிகம் தானே திரும்பி வந்துவிடும் என்று ஒரு சாரார் பேசி வருகின்றனர். கடைக்காரர் சங்கங்களின் மேடைகளில் இது கேட்கிறது; அதிகாரிகளின் அறிக்கைகளிலும் கேட்கிறது. இக்கூற்றை நாம் மறுக்கிறோம். அவ்வாறு பேசுவோரில் நம்மவரும் பலர் உளராதலின், அவர்தம் மனம் நோகக்கூடிய சிலவற்றையும் சேர்த்தே சொல்லவிருக்கிறோம். பொறுத்தருள்க.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பழமை என்பதற்காக மட்டும் நாம் பிராட்வேக்கு வழக்காட வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போப்பம் என்ற ஆங்கில வழக்கறிஞர், முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே கிடந்த கழிவுநீர்ப் பள்ளத்தைத் தூர்த்து உண்டாக்கிய தெரு அது. நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. பின்னர் ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரைப் பெற்றுப் பிரகாசம் சாலை ஆயிற்று. ஆயினும் மக்கள் நாவில் இன்றும் அது பிராட்வேதான். சாக்கடையைத் தூர்த்துத் தெரு கண்டவர்களின் ஊரில், தெருவைத் திருத்தவே கூடாது என்று வாதிடுவது நகைப்புக்கிடமாகும். திருத்தட்டும். ஆனால் எது அத்தெருவை வாழ வைத்தது, எது சாய்த்தது என்று அறிந்தபின் திருத்தட்டும்.

பிராட்வே ஒரு தனித் தெருவன்று. அதைத் தண்டாகக் கொண்டு கிளைத்த தெருக்கள் எத்தனை! ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும். கோடவுன் தெருவில் துணி. தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி. காசிச் செட்டித் தெருவில் வெளிநாட்டுச் சில்லறைப் பண்டங்கள். அப்பால் மண்ணடியில் அங்கப்ப நாயக்கன் தெருவும், மரைக்காயர் லெப்பைத் தெருவும், மூர் தெருவும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் இத்தெருக்களில்தான் கடைவிரித்தனர். ஒரு சரக்குக்கு ஒரு தெரு. எல்லாத் தெருக்களும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில். இந்த நெருக்கமே அப்பகுதியின் மூலதனம். வங்கியில் வைத்த பணத்தைவிட அது பெரிது.

அந்த மூலதனம் எப்படி வேலை செய்தது என்பதைக் கண்ணால் கண்டவர் நம்மில் இன்னும் பலர் இருக்கின்றனர். விடியற்காலை ஐந்து மணிக்குத் தென்மாவட்டப் பேருந்து பாரிமுனை அருகே வந்து நிற்கும். அதிலிருந்து சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் மஞ்சள் பையோடு இறங்குவார். மண்ணடி விடுதியொன்றில் குளித்து, பசியாறி, கடை திறக்கும் நேரத்திற்குத் தெருவுக்கு வந்துவிடுவார். காகிதம் ஒரு தெருவில், கண்ணாடி ஒரு தெருவில், கைலி ஒரு தெருவில் என்று பகல் முழுவதும் நடந்தே கொள்முதல் செய்வார். மூட்டைகளை லாரி புக்கிங் ஆபீசில் போட்டு ரசீது வாங்கிக்கொண்டு, மாலையில் பிள்ளைகளுக்கு ஏதேனும் நடைபாதையில் பேரம் பேசி வாங்கி, இரவுப் பேருந்தில் ஏறிவிடுவார். ஒரு பகலில் முடிந்த வேலை அது. அவருடைய அந்த ஒரு பகலில் விடுதிக்காரரும், உணவுக்கடைக்காரரும், மூட்டை சுமந்தவரும், மீன்பாடி வண்டி மிதித்தவரும், குடை விற்றவரும் பிழைத்தனர்.

1996இல் கோத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்து நிலையமும் கோயம்பேட்டுக்குச் சென்றது. 2023ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய் நின்றன. பாரிமுனையிலிருந்து அது முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். நாம் மேலே சொன்ன சிற்றூர்க் கடைக்காரர் இன்று அங்கே இறங்கி, நகரப் பேருந்தோ ரயிலோ மாறி மாறி ஏறி பிராட்வே வந்து சேர்வதற்குள் முற்பகல் கழிந்துவிடும். திரும்பவும் அதே பாடு. ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகிறது. அவர் என்ன செய்வார்? திருச்சியிலோ மதுரையிலோ, சற்று விலை கூடினாலும் அங்கேயே வாங்கிவிடுவார்; அல்லது கைப்பேசியிலேயே ஆணை கொடுத்துவிடுவார். கைப்பேசி வணிகம்தான் தங்களைக் கெடுத்தது என்று நம் கடைக்காரர்கள் புலம்புகின்றனரே, அந்தக் கைப்பேசியை அவர் கையில் திணித்தது இந்த முப்பது கிலோமீட்டர் அன்றோ!

நாம் நியாயம் தவறிப் பேசக்கூடாது. அந்தப் பேருந்துகளும் லாரிகளும் அக்குறுகிய தெருக்களிலேயே இருந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. கோத்தவால் சாவடியின் அழுகல் நாற்றத்தையும், பாரிமுனையில் ஒரு பேருந்து திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தையும் அறிந்தவர் அவற்றுக்காகக் கண்ணீர் வடிக்க மாட்டார். இடம்பெயர்த்தது குற்றமன்று. வருவோரை அழைத்து வந்த வாய்க்காலை வேறு திசையில் வெட்டிவிட்டு, பழைய வயலுக்கு ஒரு மடைகூட வைக்காமல் விட்டதுதான் குற்றம். 2019 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம், மண்ணடி நிலையங்களுக்கு மெட்ரோ ரயில் வந்தது உண்மையே. அதற்காகத் தோண்டிய தெருவின் ஓரத்தில் கடை வைத்திருந்தவர் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்று கேட்டவர் யார்? அதற்கு முன்னே 2016இன் பணமதிப்பிழப்பு. அதற்குப் பின்னே 2020இன் பெருந்தொற்று. அவை எல்லாத் தெருவுக்கும் வந்த அடிகள். ஏற்கெனவே இரத்தம் குறைந்திருந்த உடம்பில் விழுந்ததால் இங்கே அதிகம் வலித்தது.

இனி, நம் கடைக்காரர்கள் முதற்குற்றவாளியாக நிறுத்தும் நடைபாதை வணிகரைப் பற்றிப் பேசுவோம். "வாடகை இல்லை, வரி இல்லை, நம் கடை முகப்பையும் மறைக்கிறான்" என்பது குற்றச்சாட்டு. முகப்பை மறைப்பதும், நடப்பவருக்கு வழி விடாததும் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முகப்பில் அமர்வதற்கு நாள் வாடகை வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் ஒருவரும் இத்தெருக்களில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? காலையில் அவனிடம் பணம் வாங்கி, மாலையில் சங்கக் கூட்டத்தில் அவனை விரட்டத் தீர்மானம் போடுவது எந்த வணிக ஒழுக்கத்தில் சேர்ந்தது?

நடைபாதையில் பொருள் விற்பது ஒருவரது தொழிலுரிமையின்பாற் பட்டது, அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அடியோடு மறுக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் கூறிவிட்டது. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டத்தையே இயற்றிற்று. ஊர்தோறும் விற்பனைக் குழு அமைய வேண்டும்; அதன் உறுப்பினரில் பத்தில் நால்வர் தெருவோர வணிகர்களே தேர்ந்தெடுத்தவராய் இருக்க வேண்டும்; கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை எவரையும் பெயர்க்கலாகாது என்பன அச்சட்டத்தின் விதிகள். நம் மரபிலும் இதற்கு மாறான சொல் இல்லை. சந்தையின் இடம் பள்ளிவாசலின் இடம் போன்றது, முந்தி வந்து அமர்ந்தவர் எழுந்து போகும்வரை அது அவருக்கே உரியது என்னும் நெறி கலீபா உமர் (ரலி) அவர்கள் பெயரால் சொல்லப்பட்டு வருவதை நம் ஆலிம்கள் அறிவர். கடைக்காரச் சீமான்களும் அறிந்துகொள்வது நலம்.

சட்டத்தை விடுங்கள், வணிகக் கணக்கையே பாருங்கள். 2013இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் நடைபாதை வணிகரையெல்லாம் ஒரு மாடிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்தனர். நடைபாதை வெறிச்சிட்டது. மாடி ஏறி வந்து பேரம் பேச ஆள் இல்லையே என்று உள்ளே இருந்தவர் குமுறினர். வியப்பென்ன இருக்கிறது? நடைபாதைக் கடை என்பது நடக்கிறவனின் கண்ணில் தற்செயலாகப் படுவதால் பிழைப்பது. தேடிப் போய் வாங்கும் பொருள் வேறு, கண்ணில் பட்டு வாங்கும் பொருள் வேறு. இரண்டையும் ஒரே தெருவில் வைத்திருந்ததால்தான் கூட்டம் கூட்டத்தை ஈர்த்தது.

பின்னர் 2019 நவம்பரில் அதே பாண்டி பஜாரில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. அதைப் போலவே இங்கும் வேண்டும் என்கின்றனர். அங்கே நடைபாதை அகன்றதை நாம் பழிக்கவில்லை. முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கின்றனர், நல்லதுதான். ஆயின் தியாகராய நகருக்குக் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. மாம்பலம் ரயில் நிலையம் ஒருபுறம், பேருந்து நிலையம் மறுபுறம். 2023இல் இரண்டையும் இணைத்து ஆகாய நடைபாலமும் போட்டார்கள். வரும் கூட்டத்திற்குப் பாதை அகலம் செய்தது அங்கே நடந்த வேலை. கூட்டமே வராத இடத்தில் பாதையை அகலப்படுத்தினால், காலியிடம் இன்னும் அகலமாகத் தெரியும். அவ்வளவே.

தில்லிச் சாந்தினி சௌக்கையும் உதாரணம் காட்டுகிறார்கள். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650இல் வகுத்த கடைத்தெரு அது. நடுவே ஓடிய கால்வாயும் நிலவொளி விழுந்த தடாகமும் எப்போதோ மறைந்துவிட்டன. 2021 செப்டம்பரில் செங்கோட்டை முதல் ஃபதேபூரிப் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தெருவுக்குச் செந்நிறக் கல் பதித்து, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளை விலக்கித் திறந்துவைத்தனர். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது கல் அன்று, கடிகாரம்! பகலில் மனிதர் நடக்க, இரவில் சரக்கு இறங்க என்று நேரத்தைப் பங்கிட்டதுதான் அதன் சாரம். மொத்த வணிகத் தெருவுக்குச் சரக்கு வண்டி வந்தே ஆக வேண்டும். அது நண்பகலில் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிராட்வேயிலும் மண்ணடியிலும் இதற்கு ஒரு கல்லும் பதிக்க வேண்டியதில்லை, ஓர் ஆணை போதும். ஆனால் ஆணை போட்டால் திறப்பு விழா நடத்த முடியாதே!

கார் நிறுத்தம் வேண்டும் என்ற கூக்குரலுக்கு நாம் அதிக இடம் தரப் போவதில்லை. மஞ்சள் பையோடு வந்தவர் கட்டிய தெரு அது. காரில் வருவோருக்காக அதை இடித்தால், காரும் வராது, பையும் வராது.

இப்போது நாம் சொல்லத் தயங்கிய இடத்திற்கு வருகிறோம்.

பிராட்வேயைச் சுற்றியுள்ள கட்டடங்களின் மேல்மாடிகளை அண்ணாந்து பாருங்கள். கீழே கடை, மேலே குடும்பம் என்று ஒரு காலத்தில் இருந்தது. கடைக்காரரின் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கிப் பள்ளிக்குச் சென்றனர். இரவு பத்து மணிக்கும் சன்னலில் விளக்கு எரிந்தது. இன்று பல மாடிகள் கிடங்குகள். சாயம் போன அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அறைகளில் ஆள் இல்லை. தீப்பற்றினால் அணைக்க வழியும் இல்லை. எட்டு மணிக்கு ஷட்டர் விழுந்துவிட்டால் தெருவில் நாய்களின் நடமாட்டம்தான். மனிதர் குடியிருக்காத தெருவில் இரவு உணவுக்கடை எப்படி நடக்கும்? மருந்துக்கடை எப்படி நடக்கும்? பெண்கள் எப்படித் துணிந்து நடப்பார்கள்?

குடும்பங்கள் ஏன் வெளியேறின? கட்டடம் ஒழுகியது, உடையவர் பழுது பார்க்கவில்லை. அவர் ஏன் பார்க்கவில்லை? 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைக் கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று நியாய வாடகைக்கு வரம்பு கட்டிற்று. வெளியே சந்தை வாடகை பன்மடங்கு ஏறியது. இடைவெளியைப் பகடிப் பணம் நிரப்பியது. கடையைக் காலி செய்கிறவர் அடுத்து வருகிறவரிடம் கைமாற்றாகப் பெருந்தொகை வாங்கிக்கொள்வார். உடையவருக்குப் பழைய வாடகைதான். வருமானம் இல்லாத உடையவர் கட்டடம் தானே விழட்டும் என்று காத்திருந்தார். 2019 பிப்ரவரியில் பழைய சட்டம் போய், எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பதிய வேண்டும் என்ற புதிய சட்டம் வந்தது. எனினும் இருபுறத்தும் வேரோடிய அவநம்பிக்கை ஒரு சட்டத்தால் அகல்வதில்லை.

இந்த உடையவர்களில் தனி மனிதர் மட்டுமா இருக்கின்றனர்? வக்புகளும் இருக்கின்றன. நம் வக்புகள்! பள்ளிவாசலின் விளக்குக்கும், மத்ரஸாவின் சோற்றுக்கும், அநாதைகளின் உடைக்கும் என்று முன்னோர் எழுதிவைத்த கடைகள். நாம் அறிந்த ஒரு வக்பில், கடையின் மாத வாடகை இரண்டு வேளை பிரியாணிக்குப் போதாது. அக்கடையை எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விட்டு, வக்புக்குக் கொடுப்பதைப்போல் பல மடங்கு வாங்கி, வேறெங்கோ மாளிகை கட்டி வாழ்கிறார். உள்வாடகைக்கு இருப்பவரோ இத்தெருவின் வீழ்ச்சியையெல்லாம் தன் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறார். ஒழுகும் கூரைக்கு முதவல்லியிடம் போனால், "வருமானம் எங்கே இருக்கிறது?" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை! 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாடெங்குமுள்ள ஏறத்தாழ ஐந்து இலட்சம் வக்புச் சொத்துகளின் ஆண்டு வருமானம் 163 கோடி ரூபாய் என்றும், நூற்றுக்குப் பத்து வருமானம் கிடைத்தாலே அது 12,000 கோடியாக இருக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டியது. அரசு நமக்கு என்ன செய்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் சொத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்கவும் வேண்டும்.

இதற்கு மருந்து, வாடகையை ஒரே நாளில் பத்து மடங்காக்குவதன்று. அப்படிச் செய்தால் உள்வாடகைக்கு இருக்கும் சிறு வணிகர்தான் முதலில் தெருவுக்கு வருவார்; காலியான கடைகளில் பணம் பெருத்த ஒருவர் கிடங்கு வைப்பார். உண்மையில் கடை நடத்துகிறவரை நேரடிக் குத்தகைதாரராக ஏற்று, அவர் இப்போது உள்வாடகையாகக் கொடுக்கும் தொகையையே வக்புக்குக் கொடுக்கச் செய்தால், அவருக்கு ஒரு காசும் கூடாது. வக்புக்கு வருமானம் பெருகும். இழப்பு நடுவே இருப்பவருக்கு மட்டுமே. அந்த வருமானத்தில் முதலில் மேல்மாடியைப் பழுது பார்த்து, குடும்பங்களுக்கு விட வேண்டும். நடுவே இருப்பவர் யாராக இருப்பார், அவருக்கு ஜமாஅத்தில் எவ்வளவு செல்வாக்கு இருக்கும் என்பதை நாம் அறியாதவரல்லோம். அதனால்தான் எழுதுகிறோம்.

பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் ஒன்றாக்கி, பேருந்தும் மெட்ரோவும் கூடும் பல மாடி வளாகம் எழுப்பும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. வருவோரின் வாய்க்கால் மீண்டும் இத்தெருவுக்குத் திரும்ப இதுவே வழியாகலாம், ஆகவே வரவேற்கிறோம். அதே மூச்சில் அஞ்சவும் செய்கிறோம். வளாகத்திற்குள்ளேயே கடைத்தளங்களும் வரப்போகின்றன. அவற்றை ஏலத்தில் எடுப்பவர் யார்? இறங்குகிறவர் தெருவில் கால் வைக்காமலே குளிர்சாதனக் கடையில் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டால், பிராட்வேக்கு இது மூன்றாவது அடியாகும். பெய்ரூத் நகரின் கதையை நம் வாசகர் நினைவுகூர வேண்டும். 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சிதைந்த அந்நகரின் பழைய கடைவீதிகளை மீட்பதற்கென 1994இல் ஒரு பெருநிறுவனம் அமைந்தது. உடையவர்க்கு நிலத்துக்குப் பதில் பங்குப் பத்திரம் கிடைத்தது. 2009இல் பளபளக்கும் புதிய சூக் திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஆடைக்கடைகள் வந்தன. பழைய மளிகைக்காரரும் தட்டாரும் மீன்காரரும் திரும்பவில்லை; அவர்களிடம் வாங்கிய மக்களும் திரும்பவில்லை. சூக் என்ற பெயர் மட்டும் பலகையில் இருந்தது.

ஆகவே வளாகத்தின் கடைத்தளத்தில் முதலுரிமை இத்தெருக்களின் வணிகருக்கும், கணக்கெடுக்கப்பட்ட நடைபாதையாளருக்கும் என்று எழுத்தில் வரட்டும். அதன் வாயில்கள் நேரே தெருவில் திறக்கட்டும். கிளாம்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் மூட்டையோடு ஏறக்கூடிய பேருந்து நிற்காமல் பாரிமுனைக்கு வரட்டும். கழிப்பறை வேண்டும், மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். திருமணத் துணியும் பாத்திரமும் வாங்க வரும் பெண்கள் ஏன் மூன்று மணி நேரத்திற்கு மேல் இத்தெருக்களில் நிற்பதில்லை என்று எந்தக் கடைக்காரராவது தம் வீட்டில் கேட்டதுண்டா? சென்ற ரமலானில் மண்ணடியில் நாம் நடந்தபோது, ஊரிலிருந்து வந்த ஓர் அம்மையார் சரக்கு பாதி வாங்கிய நிலையில் மகனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். காரணம் கேட்ட கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். பாதிச் சரக்கின் விலை எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால், ஒரு கழிப்பறை கட்ட எத்தனை நாள் ஆகும் என்பதும் தெரிந்திருக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியவற்றைச் சங்கங்கள் கேட்கட்டும், நாமும் கையொப்பமிடுகிறோம். எவரிடமும் அனுமதி பெறாமல் நாமே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. மண்ணடி, பிராட்வே பகுதியில் கடை உள்ள ஒவ்வொரு வக்பின் முதவல்லியும், வரும் ஜுமுஆவுக்குப் பின் குத்தகைப் பேரேட்டைக் கொண்டுவந்து மஹல்லாவாசிகளின் முன்னே விரிக்கட்டும்: கடை எண், வாடகை, எந்த ஆண்டு முதல், பெயரில் இருப்பவர் யார், உள்ளே இருப்பவர் யார். அதுவரை நடைபாதையில் கூடை வைத்திருப்பவரைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.